நான் அழித்த பதினோரு புள்ளிகள்

அன்று சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு அழிக்கும் விசையை அழுத்தியபோது, அந்தப் பதினோரு புள்ளிகளும் தவறானவை என்று நான் உண்மையிலேயே நம்பினேனா? அல்லது, நம்பிவிட்டால் ஐந்து மணி பஸ் கிடைக்கும் என்பதற்காக நம்பினேனா? மூன்று வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் வருகிறது. துணி காயப்போடும்போது அதற்கு நேர்மாறான பதில் வருகிறது.

என் மனசோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பதினோரு புள்ளிகள் இல்லாமல் போனதால் கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆறு வீடுகளுக்குள் மழைக்காலம்தோறும் வெள்ளம் ஏறுகிறது. அதில் ஒரு வீடு, எங்கள் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த தாசையன் அண்ணனுடையது. அடுத்த மாதம் அந்த ஆறு வீட்டுக்காரர்களின் மனு விசாரணைக்கு வருகிறது. புது ரோட்டை வெட்டி அடியில் தண்ணீர் போக வழி விடுவார்களா, மாட்டார்களா என்பது அன்றைக்கு முடிவாகிவிடும்.

இந்த இதழை நடத்துபவர், "தொழிலை விட்டுப் போனவர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லும் பகுதி இது. கொஞ்சம் உற்சாகமாக எழுதுங்கள்" என்றார். எனக்கு வயது இருபத்தொன்பது. டிப்ளமோ முடித்து நாலு வருடம் பாறசாலையில் ஒரு தனியார் சர்வே ஆபீஸில் வேலை பார்த்தேன். அதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. உற்சாகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் இப்போது நான் செய்த அதே வேலையைச் செய்கிறீர்கள். வெளியே ஆட்கள் நிலத்தை அளந்து புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று மூன்று எண்களை ஒரு வரியாக அடிப்பீர்கள். கடைசியில் அது என்ன இடம் என்று ஒரு சொல். ஆயிரம் புள்ளி என்றால் ஆயிரம் வரி. அந்தக் கோப்பை மென்பொருளுக்குள் விட்டால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மும்மூன்றாகச் சேர்த்து முக்கோணங்கள் போட்டு, நிலத்தின் மேல் ஒரு துணியை விரித்த மாதிரி காட்டிவிடும். மேடு எங்கே, பள்ளம் எங்கே, எவ்வளவு மண் வெட்ட வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் எல்லாம் அந்தத் துணியிலிருந்துதான்.

இவ்வளவு பெரிய வேலைக்கு ஆபீஸில் என்ன பெயர் தெரியுமா? "டேட்டா அடிக்கிறது." செய்கிறவளுக்குப் பெயர், "டேட்டா அடிக்கிற பிள்ளை." நான் படித்தது சிவில் என்பதையே இரண்டாம் வருடம் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மூன்றாம் வருடம் நானும் கொஞ்சம் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு விவரம் தெரியாது என்று பின்னால் சொன்னார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கோப்பு தயாரித்தேன். அங்கே சரிவு முழுக்கக் கய்யாலைகள். நம் பக்கத்தில் சரிவான நிலத்தைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் மண்ணாலும் கல்லாலும் சுவர் கட்டியிருப்பார்களே, அது. புள்ளிகள் எல்லாம் சரியாகத்தான் அடித்திருந்தேன். ஆனால் கய்யாலையின் மேல் விளிம்பு இது, கீழ் விளிம்பு இது என்று சேர்த்துச் சொல்லும் கோட்டை நான் கொடுக்கவில்லை. அதை பிரேக்லைன் என்போம். அது இல்லாததால் மென்பொருள் மேல் படியையும் கீழ் படியையும் தன் இஷ்டத்துக்கு இணைத்து, மலையை வழவழவென்று சறுக்குமரம் ஆக்கிவிட்டது. படத்தைப் பார்த்த தாசையன் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"எனக்க கய்யாலயெல்லாம் எங்க பிள்ளே? ஆன கேறி மிதிச்சுதா?" யானை ஏறி மிதித்த மாதிரிதான் இருந்தது படம்.

அன்றைக்குப் புரிந்தது, புள்ளி எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் மென்பொருளுக்குத் தெரியும், அது எதன் மேல் நிற்கிறது என்று தெரியாது என்பது. அதற்குப் பிறகு எந்தக் கோப்பிலும் நான் பிரேக்லைனை விட்டதில்லை. ஆகையால், விவரம் தெரியாமல் செய்தேன் என்ற சாக்கு எனக்குக் கிடையாது. அந்தச் சாக்கை என் பெயரில் வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

தாசையன் அண்ணன் எங்கள் ஆபீஸில் ஸ்டாஃப் பிடிப்பவர். ஸ்டாஃப் என்கிற நாலு மீட்டர் உயர அளவுகோலைப் புள்ளி எடுக்கிற இடத்தில் செங்குத்தாக நிறுத்துவது அவர் வேலை. தூரத்தில் கருவி வழியாகப் பார்க்கிறவர் எண்ணை வாசிப்பார், பக்கத்தில் இன்னொருவர் புத்தகத்தில் எழுதுவார். வாசித்தவருக்கும் எழுதியவருக்கும் படத்தின் மூலையில் பெயர் வரும். வெயிலிலும் முள்ளிலும் நடந்து அந்த இடத்தில் நின்றவருக்குப் பெயர் வராது. உங்கள் ஆபீஸிலும் இப்படித்தானே? ஒரு இடத்தைப் பற்றிச் சந்தேகம் என்றால் அங்கே நின்ற கால்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். நாம் பெயர் போட்டவர்களைத்தான் கேட்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் கொல்லயில் பக்கத்து ஏலா ஒன்றின் குறுக்கே புது ரோடு போட அளவெடுத்தார்கள். ஏலா என்றால் இரண்டு மேட்டுக்கு நடுவில் நீளமாகக் கிடக்கும் நெல்வயல். தாசையன் அண்ணன் வீடு அந்த ஏலாவின் ஓரத்தில்தான். அளவெடுத்த அன்று மழை. புத்தகம் எழுதியவர் ஒரு கையில் குடை, ஒரு கையில் பேனா. முதல் வரியில் ‘ஏலா’ என்று எழுதியவர், அதன் கீழே பக்கம் முடியும்வரை ‘மேற்படி, மேற்படி’ என்று குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

கோப்பு முடிந்து திரையில் சம உயரக் கோடுகளை வரவழைத்தேன். வயல் சமமாக இருந்தது. நடுவில் மட்டும், புது ரோடு வரும் கோட்டுக்குக் குறுக்காக, பதினோரு சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றும் வயலைவிட ஒன்றரை மீட்டர் பள்ளம். புத்தகத்தில் அந்தப் பதினோரு புள்ளிக்கும் நேரே ‘மேற்படி’தான் இருந்தது.

எங்கள் தலைமை இன்ஜினியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ‘சார்’, அவ்வளவு போதும்.

"இதென்னது, ஏலாவுக்கு அம்மை போட்டிருக்கா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் திரையைக் காட்டினேன்.

"சார், பதினொண்ணும் ஒரே வரிசையில இருக்கு. தப்புன்னா இப்படி வரிசையா வருமா?"

"வரிசையா நடந்து போனா வரிசையாத்தான் தப்பு வரும். தாசையன் சேத்துல கொண்டு குத்தியிருப்பான். ஸ்டாஃபு தாந்து போயிருக்கும். அவனுக்கு என்ன தெரியும்?"

"அண்ணன் சேறுன்னா அடியில இரும்புத் தட்டு போடுவாரு சார்."

"நீ கூடப் போயிப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. நாலு வருடத்தில் நான் வெளியே போனது இரண்டே முறை. டேட்டா அடிக்கிற பிள்ளை வெளியே எதற்கு?

"நாளைக்கு அண்ணன் வந்த உடனே கேட்டுட்டு..."

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குப் படம் ரோடு ஆபீஸ்காரங்க மேசையில இருக்கணும். உனக்க சந்தேகத்தையா கொண்டு குடுக்க முடியும்?" பிறகு குரலை இறக்கினார். "மக்கா, உனக்க குழந்த பாலுக்கு அழுதிட்டு இருக்கும்லா? இந்தப் பதினொண்ணையும் எடுத்துக் களஞ்சிட்டு நீ வீட்டுக்குப் போ."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். திட்டியிருந்தால் எதிர்த்திருப்பேனோ என்னவோ. குழந்தைக்கு அப்போது பத்து மாதம். அமரவிளையில் என் அண்ணன் வீட்டில் மைனியிடம் விட்டுவிட்டு வருவேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தே முக்கால். மைனி ஒன்றும் சொல்ல மாட்டாள். கதவைத் திறக்கும்போது கடிகாரத்தை ஒரு முறை பார்ப்பாள், அவ்வளவுதான். என் ஜாக்கெட் நனையத் தொடங்கியிருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த இடத்தில் கை வைத்தார். ஒரு பெண்ணின் பாலை வைத்து ஒரு ஊரின் தோட்டை அழிக்க முடியும் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன்.

ஆம், அது தோடு. நம் ஊரில் வயலுக்கு நடுவே ஓடும் ஆழமான நீரோடையைத் தோடு என்றுதானே சொல்கிறோம். அந்தப் பதினோரு புள்ளிகளையும் ஒரு பிரேக்லைனால் சேர்த்திருந்தால் பதினோரு வட்டங்களும் மறைந்து, ஏலாவின் நடுவே ஒரு தோடு அழகாகத் தெரிந்திருக்கும். அதற்கும் இரண்டு நிமிடம்தான், அழிப்பதற்கும் இரண்டு நிமிடம்தான். வரிசையாக இருக்கிறதே என்று வாயால் சொன்ன எனக்கு, சேர்த்துப் பார்ப்போம் என்று கை போகவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் விஷயம் இது ஒன்றுதான். அசிங்கமாகத் தெரிகிற புள்ளியை அழிக்கும் முன், பக்கத்துப் புள்ளியோடு சேர்த்துப் பாருங்கள். படம் அழகாக இருப்பதும் நிலம் அப்படி இருப்பதும் வேறு வேறு.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி இருந்தது. கோப்பிலிருந்து எந்த வரியை எடுத்தாலும், எடுப்பதற்கு முன் முழுக் கோப்பையும் அச்செடுத்து, அந்த வரிகளுக்கு நேரே ‘நீக்கியது’ என்று எழுதித் தேதி போட்டு, எடுத்தவர் கையெழுத்து வைக்க வேண்டும். நல்ல விதி என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எடுத்தவர் கையெழுத்து வைக்க இடம் உண்டு. எடுக்கச் சொன்னவர் கையெழுத்து வைக்க இடம் எங்கே? அதை யாருமே கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அச்சடித்து, பதினோரு இடத்தில் ‘நீக்கியது’ எழுதி, பதினோரு இடத்திலும் என் கையெழுத்தை வைத்தேன். பிறகு விசையை அழுத்தினேன்.

வட்டங்கள் போய்விட்டன. ஏலா பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

"கொள்ளாம்!" என்றார் சார். "இப்பளாக்கும் ஏலா ஏலாவா இருக்கு."

அந்த அச்சுத்தாளை அலமாரியில் வைக்காமல் பையில் மடித்துப் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் தாசையன் அண்ணனைக் கேட்டுவிட்டு, தேவையானால் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணம். மறுநாள் நான் வருவதற்குள் படம் போய்விட்டது. தாசையன் அண்ணனும் வேறு வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தபோது?

கேட்கவில்லை. மூன்று முறை கேட்க வாயெடுத்தேன். படம் போயாயிற்று, இனி கேட்டு என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்ற பயம் என்றும் சொல்லலாம். தாள் என் பையிலிருந்து வீட்டு பீரோவுக்குப் போயிற்று.

ஒரு வருடத்தில் ரோடு வந்தது. ஏலாவின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடு போட்டார்கள். நாங்கள் கொடுத்த படத்தில் தெற்கு ஓரம்தான் தாழ்வு என்று காட்டியதால், தண்ணீர் போக அங்கே ஒரு குழாய் பதித்தார்கள். தோடு ஓடிய இடத்தில் மண் மட்டும்தான். அங்கே ஒரு கலுங்கு, அதாவது சின்னப் பாலம், வர வேண்டாமா என்று அக்கம்பக்கத்தார் பதறியபோது தாசையன் அண்ணன் சமாதானம் சொல்லியிருக்கிறார்: "நானாக்கும் எறங்கி நின்னு அளந்தது. கலுங்கு வராம இருக்குமா? கடைசில போடுவாங்க." அவர் பேச்சை நம்பி ஒருவரும் மனு கொடுக்கவில்லை.

அந்த வருடம் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தாசையன் அண்ணன் உள்ளே வந்தார். வெளிவேலைக்காரர்கள் அந்த அறைக்குள் வரக் கூடாது. அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்க தோடு எங்க மக்கா?"

என்னைத்தான் கேட்டார். சுவரில் அந்த ஏலாவின் படத்தை மாட்டி வைத்திருந்தோம், வருகிறவர்களுக்குக் காட்ட. அவர் கிட்டே போய் விரலால் தேடினார்.

"இதாக்கும் எனக்க வீடு. இதுக்குப் பொறத்தால இருந்து இப்பிடிப் போவும் தோடு. முட்டளவு வெள்ளத்துல எறங்கி நின்னேன். பதினோரு எடம். பன்னெண்டாவது எடத்துல அட்ட கடிச்சுது, கேறிட்டேன். எங்க போச்சு?"

பதினொன்று. எண்ணிக்கை சரியாக இருந்தது.

சத்தம் கேட்டு சார் வந்தார். "எலே தாசையா, நனஞ்ச துணியோட மெஷின் ரூமுல வரப்பிடாதுன்னு தெரியாதா?"

"எனக்க வீட்டுக்குள்ளயும் நனஞ்சிட்டுத்தான் கெடக்கு சார். கட்டிலுக்க கால் தெரியல்ல. அங்க வரப்பிடாதுன்னு அந்த வெள்ளத்துட்ட நீங்க ஒண்ணு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"புத்தகத்துல தோடுன்னு எழுதல்ல. பின்ன, டேட்டா அடிக்கிற பிள்ளைக்கும் அவ்வளவு வெவரம் போராது. நான் என்ன செய்யட்டும்?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றடி தூரம். வாயைத் திறந்திருக்கலாம்.

தாசையன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பிள்ளையா? இது ஒரு புள்ளிய மூணு தடவ சரி பாக்குத பிள்ளையாக்கும். இதுக்க கையில இருந்து போயிருக்காது. வேற ஆரோ களஞ்சிருக்காங்க."

அவர் போன பிறகு தரையில் கிடந்த தண்ணீரைத் துடைக்கச் சொன்னார்கள். அதை மட்டும் செய்ய மாட்டேன் என்றேன். என் எதிர்ப்பு அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, ரோடு போட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தார். சார் பதில் கடிதத்தை வாயால் சொல்ல, தட்டச்சு செய்தது நான். ‘அனுபவம் குறைந்த தரவுப் பணியாளரின் கவனக்குறைவும், ஸ்டாஃப் பிடித்தவரின் அலட்சியமும் காரணமாக இருக்கலாம்.’ என்னைப் பற்றி என் கையாலேயே அடித்தேன். ‘கவனக்குறைவும்’ என்ற இடத்தில் எழுத்துப் பிழை வந்தது. திருத்தி மறுபடி அடித்தேன். அந்த வாக்கியத்தில் அவர் எங்கே இருக்கிறார்? நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு பேரும் ஆபீஸில் மிகக் குறைவான சம்பளம் வாங்கியவர்கள்.

தாசையன் அண்ணனை அதன் பிறகு வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் மாதக் கடைசியில் நின்றுவிட்டேன். குழந்தைக்காக நின்றுவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆமாம் என்று நானும் சொன்னேன். குழந்தை மேல் பழி போடுவதில் நானும் சாருக்குக் குறைந்தவள் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மழை போய்விட்டது. ஆறு வீட்டுக்காரர்களும் கலுங்கு கேட்டு மனு மேல் மனு கொடுத்தார்கள். தோடு ஒரே குடும்பத்தின் பழைய நிலத்துக்குள் ஓடியதால் கிராம வரைபடத்தில் தனியாக இல்லை. தெற்கே குழாய் பதித்தபோது தோட்டில் மிஞ்சியிருந்த பகுதியையும் மண்ணால் தூர்த்துவிட்டார்கள். "ரோடு வரும் முன் அங்கே தோடு இருந்ததற்கு ஆதாரம் என்ன? அளவுப் படத்தில் இல்லையே" என்று கேட்கிறார்கள். அளவுப் புத்தகத்தைக் கேட்டால், எங்கள் ஆபீஸில் கரையான் அரித்துவிட்டதாம். கம்ப்யூட்டரில் இருந்த கோப்பில் பதினோரு வரி இல்லை. அண்ணன் வாயால் சொன்னால் எடுபடவில்லை. ஊரில் சிலர் அவரை, "இன்ஜினியரு வாறாரு, வழி விடுங்க" என்று கேலி செய்கிறார்களாம். அவர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தவர்கள் அல்லவா?

போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். என் மகள் அவர் வேட்டி நுனியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வருகிற ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்கிறோம்.

"நீ சும்மா வந்து நின்னா போரும் மக்கா," என்றார். "நான் அந்த ஏலாவுல ஸ்டாஃபு பிடிச்சேன்னு உனக்குத் தெரியும்லா, அத மட்டும் சொன்னா போரும். களஞ்சது அந்த சாரு. உனக்க தலையில வச்சிட்டுத் தப்பிக்கப் பாத்தாரு. நீ பயப்படாத."

வருகிறேன் என்று தலையாட்டினேன். பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எழுந்து கதவைத் திறந்தால் போதும். காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தாளில் பதினோரு புள்ளிகளும் உயரத்தோடு அப்படியே இருக்கின்றன. தோடு இருந்ததற்கு இன்று இந்த உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அதில் சாரின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பதினோரு இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

என் கணவர் நல்லவர்தான். "கொண்டு போ, அது அவங்களுக்குச் சேர வேண்டிய பேப்பராக்கும்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பின்ன ஒரு ஆபீஸிலயும் உன்ன எடுக்க மாட்டாங்க, அதயும் யோசிச்சுக்கோ," என்றார். இரண்டும் சரிதான். மகள் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

தாளைக் கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன். அதில் எனக்கு யாருடைய யோசனையும் வேண்டாம். அந்த ஆபீஸில் வேறு எதற்கும் நான் அதிகாரியாக இருந்ததில்லை. என் கையால் அழித்த பதினோரு வரிக்கு அதிகாரி. எடுக்கச் சொன்னவர் யார் என்பதையும் அங்கே சொல்வேன். நம்பினால் நம்பட்டும். நீங்கள் இனிமேல் எந்த வரியை எடுத்தாலும், சொன்னவரின் கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் புள்ளி சரியான புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு யோசனை வேண்டியது வேறு ஒன்றில். தாசையன் அண்ணனிடம் இதை எப்போது சொல்வது?

விசாரணை நாளில் எல்லோர் முன்னாலும் தாளை எடுத்துக் கொடுத்தால், அதிகாரி என் பெயரை உரக்கப் படிப்பார். ‘இதுக்க கையில இருந்து போயிருக்காது’ என்று எனக்காகப் பேசிய மனிதர், கேலி செய்யும் ஊர்க்காரர்களுக்கு நடுவில் நின்று அதைக் கேட்பார். அதை அவருக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முன்கூட்டியே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அதில்தான் எனக்குப் பெரிய பயம். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். கோபப்படாமல், "சாரமில்ல மக்கா, போவட்டும், உனக்குக் குழந்த உண்டு, அந்தப் பேப்பரு வேண்டாம், நாங்க வேற வழி பாக்குதோம்," என்று சொல்லிவிட்டால்? அவர் அப்படிச் சொல்லக்கூடியவர். அப்போது நான் சரியென்று தாளை மடித்துக்கொண்டு வந்துவிட மாட்டேன் என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு முறை அப்படி வீட்டுக்கு வந்தவள்தானே நான்.

உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். ‘நீ சொன்னதைச் செய்தவள்தானே, உன் மேல் என்ன தப்பு’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள். அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் இடவப்பாதிக்கு முன்னால் போயாக வேண்டும். மழை தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் இருக்காது.